டி செல்லை எழுப்புவது, ஜீன் ஏற்றுவது: மதுரை வெயிலில் செய்து பார்த்த குறிப்புகள்

டி செல் என்பது நோயை எதிர்க்கிற வெள்ளணுக்களில் ஒரு வகை. அதை ரத்தத்திலிருந்து எடுத்து, பெருகுகிற மாதிரி தூண்டி (அதைத்தான் எழுப்புவது என்கிறோம்), புது ஜீனை உள்ளே ஏற்றுவதுதான் எங்கள் வேலை. எம்எஸ்சி முடித்துவிட்டுப் புதிதாக லேபுக்குள் வருகிற பிள்ளைகள் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி வைரஸைப் பற்றித்தான். எந்த வெக்டர் (ஜீனைச் சுமந்து போகிற வாகனம்), எந்த புரமோட்டர் (ஜீனை இயக்குகிற சுவிட்ச்), லென்டிவைரஸா, ஜீனை வெட்டுகிற கிரிஸ்பரா. சரி, செல்லை எப்படி எழுப்பப் போகிறாய் என்று திருப்பிக் கேட்டால், "அதுக்குத்தான் பீட்ஸ் இருக்கே அக்கா" என்று, ஆன்டிபாடி ஒட்டிய காந்த உருண்டைகளைச் சொல்லி, பதில் வரும். சிக்கலே அங்கேதான். ஆறு வருஷமாக இந்த வேலையைச் செய்கிறேன், என் கையில் வீணாய்ப் போன சோதனைகளில் முக்கால்வாசி ஜீன் ஏற்றும் நாளில் கெடவில்லை. அதற்கு முந்தின நாளோ அதற்கும் முந்தின நாளோ, செல்லை எழுப்பிய விதத்தில் கெட்டுப்போய், வைரஸ் மேல் பழி விழுந்தது. அதனால் இந்தக் குறிப்பில் எழுப்புவதற்குத்தான் அதிக இடம்.

பிப்பெட்டைத் தொடுவதற்கு முன்னால் காகித வேலை. மனித ரத்தம் எடுக்க நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதியும் கொடுப்பவரின் எழுத்து ஒப்புதலும் வேண்டும், ஜீன் மாற்ற உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி வேண்டும். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்துவிடுங்கள், பிறகு படிவம் நிரப்பும்போது பாதி நேரம் மிச்சம். வைரஸ் வேலை இரண்டாம் நிலைப் பாதுகாப்பு அறையில், ஹூடு என்கிற, காற்றை வடிகட்டும் பெட்டிக்குள், இரட்டைக் கையுறையோடு. கண்ணாடிப் பிப்பெட்டும் ஊசியும் அந்தப் பக்கமே வரக்கூடாது. வைரஸ் கலந்த திரவத்தை ஹைப்போவில் (குளோரின் பிளீச்) ஊறவைத்துக் கொட்டுங்கள், ஆனால் ஹைப்போ ஊற்றியதை ஆட்டோகிளேவில் (நீராவியில் கிருமி நீக்குகிற பெட்டி) வைத்துவிடாதீர்கள், குளோரின் கிளம்பும். பிளாஸ்டிக்கைத் தனிப் பையில் போட்டு ஆட்டோகிளேவ் செய்யலாம்.

இன்னொன்று. உங்கள் சொந்த ரத்தத்தை எடுத்து அதில் ஜீன் ஏற்றாதீர்கள். போன வருஷம் டோனர் வராத ஒரு காலையில் ஒரு தம்பி சட்டைக் கையை மடித்துவிட்டு, "என்னுதை எடுங்கக்கா, நேரம் போகுது" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். எழுப்பி அனுப்பினேன். வேறொருவருடைய செல் தவறிப்போய் உங்கள் உடம்புக்குள் நுழைந்தால் உடம்பு அதை அந்நியன் என்று கண்டுபிடித்துத் தீர்த்துக்கட்டும். உங்கள் செல்லே மாற்றப்பட்டுத் திரும்பி வந்தால் வீட்டுப் பிள்ளைதானே என்று கதவைத் திறந்துவிடும். அவனும் அந்த வேலையில் இருக்கிற யாரும் டோனர் ஆகக்கூடாது என்று அன்றைக்கே சுவரில் எழுதி ஒட்டினோம்.

ரத்தம் ஹெப்பாரின் குழாயில் வரட்டும், ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டாம், அன்றைக்கே பிரித்துவிடுங்கள். 20 மில்லி ரத்தத்தில் பொதுவாக 20 முதல் 40 மில்லியன் ஒற்றைக்கரு வெள்ளணுக்கள் கிடைக்கும், அதில் பாதிக்கு மேல் டி செல். அதிகம் வேண்டுமென்றால் ரத்த வங்கியில் பஃபி கோட் (ரத்தத்திலிருந்து பிரித்த வெள்ளணு அடுக்கு) கேட்கலாம், ஒரு பையிலேயே நூற்றுக்கணக்கான மில்லியன் தேறும். ரத்தத்தில் சம அளவு பிபிஎஸ் (உப்புக் கரைசல்) கலந்து, 50 மில்லி குழாயில் 15 மில்லி ஃபைக்கால் (செல்லை அடர்த்தி வாரியாகப் பிரிக்கிற திரவம்) ஊற்றி, அதன் மேல் 30 மில்லி ரத்தத்தை குழாயின் ஓரமாக, அவசரமே இல்லாமல் விடுங்கள். சென்ட்ரிஃப்யூஜில் 400 ஜி (புவியீர்ப்பைப் போல 400 மடங்கு விசை), 30 நிமிஷம், பிரேக் போடாமல். பிரேக் போட்டால் வளையம் கலைந்துவிடும், அப்புறம் எதை உறிஞ்சுவது என்று தெரியாமல் முழிக்க வேண்டியதுதான். நடுவில் மேகம் மாதிரி நிற்கிற வெள்ளை வளையத்தை எடுத்து இரண்டு முறை கழுவுங்கள். கடைசி முறை 200 ஜியில் 10 நிமிஷம் போதும், மெதுவாகச் சுற்றினால் தட்டணுக்கள் மேலேயே நின்றுவிடும்.

இதில் ஊர் குறுக்கே வருகிற இடம் ஒன்று இருக்கிறது. ஃபைக்கால் பாட்டிலில் 1.077 என்று போட்டிருக்கிற அடர்த்தி 20 டிகிரிக்கு உரியது. கிட் காகிதத்தில் "அறை வெப்பநிலை" என்று எழுதியவர் மே மாத மதுரையைப் பார்த்திருக்க மாட்டார். சூடானால் அடர்த்தி குறையும், நமக்கு வேண்டிய செல்லும் சிவப்பணுவோடு சேர்ந்து அடியில் போய்விடும். பயந்துபோய் ஃபிரிட்ஜிலிருந்து நேரே எடுத்து ஊற்றினால் அதற்கு எதிர்மாறு, சிவப்பணுவும் கிரானுலோசைட் என்கிற வேறு வெள்ளணுவும் வளையத்திலேயே ஒட்டிக்கொள்ளும். நான் சேர்ந்த முதல் கோடையில் மத்தியானம் கரண்ட் போய், ஏசி நின்று, 20 மில்லி ரத்தத்திலிருந்து ஆறே ஆறு மில்லியன் செல் எடுத்தேன். டோனருக்குத்தான் ஏதோ உடம்பு சரியில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு ஃபைக்காலில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தால் 34 டிகிரி. இப்போது கோடையில் எட்டு மணிக்கு முன்னால் ரத்தம் வந்துவிட வேண்டும், சென்ட்ரிஃப்யூஜை 20இல் வைத்துக் கால்மணி நேரம் வெறுமனே ஓட்டிவிட்டுத்தான் குழாயை வைப்பேன்.

எண்ணிக்கையை டிரைபான் புளூ (செத்த செல்லில் மட்டும் ஏறுகிற நீலச் சாயம்) போட்டு எடுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் உயிரோடு இருந்தால்தான் மேற்கொண்டு நகர வேண்டும். எழுப்பி மட்டும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் மொத்தக் கலவையையும் அப்படியே போடலாம். ஜீன் ஏற்றப் போகிறீர்கள் என்றால் டி செல்லைத் தனியாகப் பிரியுங்கள், மற்ற செல்களை ஆன்டிபாடியால் பிடித்து விலக்குகிற முறையில். டி செல்லையே பிடித்து இழுக்கிற முறையும் இருக்கிறது, ஆனால் அதில் செல் மேல் ஆன்டிபாடி ஒட்டிக்கொண்டே வரும். மானோசைட் என்கிற வெள்ளணுவை விட்டுவைத்தால் அது பீட்ஸை விழுங்கும், வைரஸையும் விழுங்கும், உங்கள் காசையும் விழுங்கும்.

இப்போது எழுப்புவது. பேங்க் லாக்கரை நினைத்துக்கொள்ளுங்கள், உங்கள் சாவியும் வேண்டும், மேனேஜர் சாவியும் வேண்டும். டி செல்லின் ரிசெப்டரோடு (எதிரியை அடையாளம் காண்கிற மேற்புறப் புரதம்) சேர்ந்து நிற்கிற சிடி3 ஒரு சாவித் துளை, சிடி28 இன்னொன்று. சிடி3ஐ மட்டும் தட்டிவிட்டு விட்டால் செல் சும்மா இருந்துவிடுவதோடு நிற்காது, அடுத்த முறை ஒழுங்காகத் தட்டினாலும் திறக்காத ஒரு மரத்துப்போன நிலைக்குப் போகலாம். இரண்டு சாவியும் சுற்றிய பிறகு பெருகுவதற்குச் சாப்பாடு மாதிரி சைட்டோகைன் (செல்லுக்குச் செய்தி சொல்கிற புரதம்) வேண்டும்.

கையில் காசு குறைவு என்றால் பிளேட் முறை. சிடி3க்கு எதிரான ஓகேடி3 ஆன்டிபாடியை பிபிஎஸ்ஸில் ஒரு மில்லிக்கு 1 முதல் 5 மைக்ரோகிராம் என்று கரைத்து, குழிகளில் ஊற்றி, 37 டிகிரியில் இரண்டு மணி நேரம் அல்லது ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி. கழுவிவிட்டு செல்லைப் போடும்போது சிடி28 ஆன்டிபாடியை மீடியாவில் (செல் வளர்கிற திரவம்) கலந்துவிடுங்கள், மில்லிக்கு 1 அல்லது 2 மைக்ரோகிராம். ஆன்டிபாடி வாங்கும்போது சோடியம் அசைடு (கெடாமல் இருக்கச் சேர்க்கிற நஞ்சு) இல்லாததா என்று பாருங்கள். ஃப்ளோவுக்கு (ஒளிரும் சாயம் ஒட்டிச் செல்லை ஒவ்வொன்றாகப் பார்க்கிற இயந்திரம்) வாங்கிய பாட்டிலையே இதற்கும் ஊற்றிச் செல்லைக் கொன்றவர்கள் எங்கள் லேபிலேயே இரண்டு பேர். பீட்ஸ் என்றால் இரண்டு ஆன்டிபாடியும் ஒட்டிய 4.5 மைக்ரான் காந்த உருண்டை, ஒரு செல்லுக்கு ஒரு உருண்டை, முதலில் மீடியாவில் கழுவிவிட்டு. காந்தம் தேவைப்படாத, கழுவினாலே போய்விடுகிற நேனோ பாலிமரும் கிடைக்கிறது, விலைதான் கண்ணைக் கட்டும். பழைய ஆள் ஒருவர் உண்டு, பிஹெச்ஏ, ராஜ்மா பயறிலிருந்து எடுக்கிற லெக்டின் என்ற புரதம். 1960இல் பீட்டர் நோவெல் என்பவர்தான் அது வெள்ளணுக்களை இரண்டாகப் பிரிந்து பெருகவைக்கிறது என்று கண்டுபிடித்தார். சரியாக வேகாத ராஜ்மா வயிற்றைக் கலக்குவதும் இதனால்தான். செல் எழும்புகிறதா என்று சோதிக்க இது போதும், சிகிச்சை வேலைக்கு ஆகாது.

மீடியா ஆர்பிஎம்ஐ 1640, 10 சதவீத சீரம், குளூட்டமின். மில்லிக்கு ஒரு மில்லியன் செல். ஐஎல்-2 என்ற சைட்டோகைனை மில்லிக்கு 100 யூனிட் அளவில் தொடங்குங்கள். நீண்ட நாள் தாங்கும் இளம் நினைவுச் செல்கள் வேண்டுமென்றால் ஐஎல்-2க்குப் பதில் ஐஎல்-7, ஐஎல்-15 இரண்டும் மில்லிக்கு 5 முதல் 10 நானோகிராம் வைக்கிறார்கள், எனக்கும் அதுதான் பிடித்திருக்கிறது.

எழுந்துவிட்டதா என்பதை ஃப்ளோவுக்குப் போகாமலே முக்கால்வாசி சொல்லிவிடலாம். மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் திராட்சைக் கொத்து மாதிரி கூட்டம் கூட்டமாக நிற்க வேண்டும், இரண்டாம் நாள் தனிச்செல் பெருத்து, வட்டம் குலைந்து, ஒரு பக்கம் வால் நீட்டியிருக்க வேண்டும், மூன்றாம் நாள் மீடியா சிவப்பு மாறி மஞ்சளுக்குத் திரும்ப வேண்டும். தனித்தனியாக, சின்னதாக, பளபளவென்று உருண்டுகொண்டிருந்தால் எழவில்லை, வைரஸை வெளியே எடுக்காதீர்கள். ஃப்ளோவில் பார்ப்பதானால், எழுந்ததற்கு அடையாளமான சிடி69 சில மணி நேரத்திலேயே ஏறும், சிடி25 ஒன்றிரண்டு நாளில். எழுப்பாத செல்லை ஒரு குழியில் பக்கத்திலேயே வைத்திருங்கள், அது இல்லாமல் இந்த நம்பர்களுக்கு அர்த்தமில்லை.

அளவுக்கு மீறி எழுப்புவதும் உண்டு, அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. பீட்ஸை மூன்று மடங்கு போட்டு, ஐஎல்-2வை ஆயிரக்கணக்கில் ஊற்றி, பத்து நாள் பீட்ஸை எடுக்காமலே விட்டால் எண்ணிக்கை அமோகமாக வரும், குரூப் மீட்டிங்கில் கிராஃப் அழகாக இருக்கும், ஆனால் அந்தச் செல் களைத்துப்போனது, புற்றுச் செல்லுக்கு முன்னால் நிறுத்தினால் ஒரு நாள் அடித்துவிட்டுப் படுத்துவிடும். செல்லை அடக்குகிற புரதங்களான பிடி-1, டிம்-3, லேக்-3 மூன்றும் சேர்ந்து தூக்கலாக நின்றால் சந்தேகப்படுங்கள். பிடி-1 மட்டும் இரண்டாம் நாள் ஏறியிருந்தால் பதற வேண்டாம், நன்றாக எழுந்த செல்லிலும் அது ஏறும். புதுப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டுக் களைப்பு களைப்பு என்று ஓடி வருவார்கள்.

ஜீன் ஏற்றும் நேரம் இட்லி மாவு மாதிரி, முன்னாலும் ஆகாது பின்னாலும் ஆகாது. தூங்குகிற டி செல்லின் மேல் எல்டிஎல் ரிசெப்டர் (கொழுப்பை உள்ளே இழுக்கிற புரதம்) குறைவு. லென்டிவைரஸுக்கு நாம் போர்த்திவிடுகிற விஎஸ்வி-ஜி உறை அந்த ரிசெப்டர் வழியாகத்தான் உள்ளே போகிறது. எழுப்பினால் ரிசெப்டர் ஏறும், வைரஸும் ஏறும். லென்டிக்கு 24 மணி நேரம் சரியான கணக்கு. காமா ரெட்ரோவைரஸ் செல் பிரியும்போது மட்டுமே கருவுக்குள் போகும், அதற்கு 48 மணி நேரம் விடுங்கள். கிரிஸ்பரை மின்சாரம் கொடுத்து உள்ளே விடுவதானால் 48 முதல் 72 மணி நேரம்.

இந்த நேரக் கணக்கு ஊர்க் காலண்டரோடு மோதும். என் வீடு ஆற்றுக்கு வடக்கே புதூரில், லேப் தெற்கே. ஒரு சித்திரையில் கணக்குப் பார்க்காமல் செல்லை எழுப்பிவிட்டேன், 24 மணி நேரம் முடிகிற காலையில் அழகர் ஆற்றில் இறங்குகிறார். தல்லாகுளத்திலிருந்து கோரிப்பாளையம் வரை தலையாகத் தெரிகிறது, பாலத்தை நினைத்தே பார்க்க முடியாது. சுற்றிக்கொண்டு லேபுக்குப் போய்ச் சேரும்போது 33 மணி நேரம். பெரிய நஷ்டமில்லை, அந்த டோனரில் ஜீன் ஏறிய செல் 40 சதவீதம் வர வேண்டியது 26 வந்தது. இப்போது செல் எழுப்புவதற்கு முன்னால் தினசரிக் காலண்டரைக் கிழித்துப் பார்த்துவிட்டுத்தான் ஃபைக்காலை எடுக்கிறேன்.

வைரஸ் போடும் கணக்கு சுலபம். ஒரு மில்லியன் செல், எம்ஓஐ (ஒரு செல்லுக்கு எத்தனை தொற்றும் துகள்) 5 என்றால் 5 மில்லியன் தொற்றும் துகள். டைட்டர், அதாவது தொற்றும் துகளின் அளவு, மில்லிக்கு 100 மில்லியன் என்றால் 50 மைக்ரோலிட்டர். ஆனால் அந்த டைட்டர் பெரும்பாலும் வைரஸ் எளிதாக ஏறுகிற ஹெக்293டி செல்லில் பார்த்தது, டி செல்லில் அதே அளவுக்கு ஏறாது, அதனால் மூன்று அளவு வைத்து உங்கள் டோனர் செல்லிலேயே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு நூறு ஏற வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். 30 சதவீதம் ஏறினால் ஏறியதில் ஆறில் ஐந்து பங்கு ஜீனின் ஒரே ஒரு பிரதியோடு இருக்கும். 90க்குப் போனால் ஒரு செல்லில் இரண்டு மூன்று பிரதி எங்கெங்கோ செருகியிருக்கும், செருகிய இடம் தவறான ஜீன் பக்கத்தில் இருந்தால் வம்பு. வைரஸையும் செல்லையும் ஒட்டவைக்க ரெட்ரோநெக்டின் என்ற புரதம் பூசிய பிளேட் நல்லது, அதற்கு டிஷ்யூ கல்ச்சர் பூச்சு இல்லாத பிளேட் வேண்டும். அதே வேலைக்குக் கலக்கிற பாலிபிரீன் டி செல்லுக்குக் கொஞ்சம் காட்டம், புரோட்டமின் சல்ஃபேட் பரவாயில்லை. 32 டிகிரியில் 800 முதல் 1000 ஜி வரை ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு இன்குபேட்டருக்கு மாற்றி, மறுநாள் வைரஸ் கலந்த மீடியாவை எடுத்துவிட்டுப் புது மீடியா விடுங்கள். வைரஸைச் சின்னச் சின்னக் குழாயில் பிரித்து மைனஸ் 80இல் வையுங்கள், ஒவ்வொரு முறை உருகி உறையும்போதும் பலம் இறங்கும். வெளியூரிலிருந்து வரவழைத்த ஒரு பெட்டி, வழியில் இரண்டு நாள் கிடந்து, டிரை ஐஸ் இருந்த இடத்தில் காற்று மட்டும் வந்து சேர்ந்தது. அதைத் தூக்கிப் போட மனசில்லாமல் போட்டுப் பார்த்தேன், 3 சதவீதம்.

கிரிஸ்பர் முதல்முறை என்றால் ட்ராக் ஜீனில் தொடங்குங்கள். அது அறுந்தால் டி செல் ரிசெப்டர் மேலே வராது, அதோடு சிடி3யும் வராது, மூன்றாம் நாள் ஃப்ளோவில் சிடி3 இல்லாத செல்லை எண்ணினாலே எத்தனை சதவீதம் வெட்டியது என்று தெரிந்துவிடும். வெட்டுகிற காஸ்9 புரதம் 50 பிக்கோமோல், வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டுகிற கைடு ஆர்என்ஏ 100 பிக்கோமோல், அறை வெப்பத்தில் 15 நிமிஷம் சேரவிடுங்கள். பீட்ஸைக் காந்தத்தில் எடுத்துவிட்டு ஒரு மில்லியன் செல்லை 20 மைக்ரோலிட்டர் பஃபரில் கலந்து எலக்ட்ரோபொரேஷன் (மின்துடிப்பால் செல்லில் துளை திறந்து உள்ளே விடுவது). அந்த பஃபரில் செல் பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்கக்கூடாது, அதனால் எல்லாக் குழாயிலும் பெயர் எழுதி, மீடியாவைச் சூடாக்கி வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். மின்சாரம் கொடுத்து முடித்த உடனே சூடான, ஆன்டிபயாடிக் இல்லாத மீடியாவை மேலே விட்டுக் கால்மணி நேரம் அசைக்காமல் இன்குபேட்டரில் விடுங்கள். மறுநாள் மூன்றில் ஒரு பங்கு செத்துக் கிடந்தால் கவலை வேண்டாம். ஒன்று மட்டும் மறக்காதீர்கள், ட்ராக் அறுந்த செல்லைச் சிடி3 பீட்ஸ் போட்டு மறுபடி எழுப்ப முடியாது, சாவித் துளையே போய்விட்டது.

இதற்குப் பிறகு வளர்ப்புதான். இரண்டு நாளுக்கு ஒருமுறை எண்ணி, மில்லிக்கு அரை மில்லியனிலிருந்து ஒரு மில்லியனுக்குள் நிறுத்துங்கள். கார் புரதம் (புற்றுச் செல்லை அடையாளம் காண நாம் ஏற்றிய ரிசெப்டர்) மேலே வந்திருக்கிறதா என்று ஐந்தாம் நாளுக்கு மேல் பாருங்கள், அதற்கு முன்னால் பார்த்தால் வைரஸ் தன்னோடு சுமந்து வந்த புரதமே தெரிந்து ஏமாற்றும். பத்து நாள் வாக்கில் செல் மறுபடி சிறுத்து ஓய்வுக்குப் போகும், வேலை வாங்க அதுதான் நேரம். ரத்தப் புற்றுச் செல் மேல் இருக்கிற சிடி19ஐத் தேடுகிற காரென்றால், சிடி19 உள்ள நால்ம்-6 செல்லோடு ஒன்றுக்கு ஒன்று வைத்து ஒரு ராத்திரி, சிடி19 இல்லாத கே562வை இன்னொரு குழியில். காலையில் மேல் திரவத்தில் இன்டர்ஃபெரான் காமா (டி செல் அடிக்கும்போது விடுகிற சைட்டோகைன்) எவ்வளவு என்று எலைசா சோதனையில் அளங்கள். கே562 குழியிலும் ஏறியிருந்தால் உங்கள் செல் யாரைப் பார்த்தாலும் அடிக்கிறது, சந்தோஷப்படாதீர்கள். எழுப்பி, வைரஸ் மட்டும் போடாத செல்லும் கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சொந்தக்காரர்களுக்கு நம் வேலை தெரிந்தால், புற்றுநோய்க்கு இந்தச் செல்லைக் கேட்டு போன் வரும், "அங்கேயே இந்த ஊசி போட்டுவிட முடியாதாம்மா" என்று. முடியாது. லேபில் வளர்த்த செல் ஒரு சொட்டும் மனித உடம்புக்குள் போகக்கூடாது. சிகிச்சைக்கு அதே படிகள்தான், ஆனால் நோயாளியின் ரத்தத்திலிருந்து அஃபெரிசிஸ் இயந்திரத்தில் (வெள்ளணுவை எடுத்துக்கொண்டு மிச்ச ரத்தத்தை உடம்புக்கே திருப்பிவிடுவது) செல் எடுத்து, மூடிய அமைப்பில், சுத்த அறையில், கிருமி, மைக்கோபிளாஸ்மா, என்டோடாக்சின், ஒரு செல்லுக்கு எத்தனை வைரஸ் பிரதி, தானே பெருகும் வைரஸ் எதுவும் உருவாகியிருக்கிறதா என்று எல்லாம் பார்த்த பிறகு. 2012இல் அமெரிக்காவில் எமிலி வைட்ஹெட் என்ற ஆறு வயதுச் சிறுமிக்கு கார் ஏற்றிய டி செல்லைக் கொடுத்தபோது செல்கள் வேலை செய்த வேகத்தில் சைட்டோகைன் புயல் கிளம்பி உயிருக்கே ஆபத்தானது. ஐஎல்-6ஐத் தடுக்கிற டோசிலிசுமாப் கொடுத்துத்தான் மீட்டார்கள். அந்தச் சிகிச்சைக்கு அங்கே 2017 ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது. நம் நாட்டில் ஐஐடி பம்பாயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற இதே வகைச் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி வந்தது. போன் செய்கிறவர்களிடம் ரத்தப் புற்றுநோய் மருத்துவரைப் பார்த்துக் கேளுங்கள் என்று மட்டும் சொல்லுங்கள், அதற்கு மேல் நாம் பேசக்கூடாது.

மிச்சச் செல்லை உறைய வைப்பது கடைசி வேலை. 90 சதவீதம் சீரம், 10 சதவீதம் டிஎம்எஸ்ஓ (உறையும்போது செல்லைக் காக்கிற திரவம்), ஒரு சின்னக் குழாய்க்கு 10 மில்லியன் செல். நிமிஷத்துக்கு ஒரு டிகிரி இறங்குகிற பெட்டியில் வைத்து மைனஸ் 80, மறுநாள் திரவ நைட்ரஜன். அலங்காநல்லூர்ப் பக்கம் மாடு வைத்திருக்கிற பிள்ளைகளுக்கு அந்தக் கேனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, கால்நடை மருந்தகத்தில் சினை ஊசிக் குச்சியை வைத்திருப்பதும் இதே மாதிரிக் கேனில்தான். கேனின் மட்டத்தை வாரம் இரண்டு முறை குச்சி விட்டு அளந்து நோட்டில் எழுதுங்கள், கோடையில் மூன்று முறை. உருக்கும்போது 37 டிகிரித் தண்ணீரில் சீக்கிரமாக, பட்டாணி அளவு ஐஸ் மிச்சமிருக்கும்போதே வெளியே எடுத்து, சூடான மீடியாவைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். உருக்கிய அன்றே கொல்லும் சோதனை வைக்காதீர்கள். ஒரு ராத்திரி ஐஎல்-2இல் விட்டுவிட்டு, காலையில் மறுபடி எண்ணி, உயிரோடு இருப்பதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு பிளேட்டில் போடுங்கள்.